ணகரத்தின் ஊர்

பிழையைக் கண்டதும் முதலில் எரிச்சல் வருகிறது. என்ன சொல்லியிருக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த முன்பின் வரிசை சில காலமாக என்னை உறுத்துகிறது. 'நினைவு கூறுகிறோம்' என்று அச்சிட்ட அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரின் முகத்துக்கு முன்பே அந்த றகரத்தில் கண் போய் நின்றுவிடுகிறது. 'சுவற்றில் எழுதாதீர்' என்பதில் சுவர் மறைந்து றகரம் மட்டும் தெரிகிறது. 'முயற்ச்சி', 'கோர்த்து', 'பதட்டம்', ஒருமைக்குப் பின்னால் வந்து நிற்கும் 'அல்ல', மிக வேண்டிய இடத்தில் மிகாமலும் மிகக் கூடாத இடத்தில் மிகுந்தும் வரும் ஒற்றுகள், ஒவ்வொன்றும் சோற்றில் கடிபட்ட கல்லைப் போல் அந்தக் கணத்தைக் கெடுக்கிறது. 'வாழ்த்துக்கள்' சரியா, 'வாழ்த்துகள்' சரியா என்ற விவாதம் நீண்டுகொண்டே போக, வாழ்த்தப்பட வேண்டியவர் ஓரமாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த எரிச்சலை மொழிப்பற்று என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அது பற்றுதான் என்றால் யார் பிழை செய்தாலும் ஒரே அளவில் எழ வேண்டும். அப்படி எழுவதில்லை. பேராசிரியரின் நூலில் இருந்தால் அதற்கு அச்சுப்பிழை என்று பெயர். ஆட்டோவின் முதுகில் இருந்தால் அறியாமை என்று பெயர். அச்சுப்பிழையை மன்னித்துக் கடக்கிறோம். அறியாமையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம்.

புணேயில் வாழ்வது இந்த உறுத்தலைக் கூட்டியிருக்கலாம். ஊரின் பெயரிலேயே ணகரம் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் 'புனே' என்று எழுதும்போது, இந்த ஊர் எதைக் கேட்டால் முகம் சுளிக்குமோ அதையே அறியாமல் செய்கின்றன. மராத்தியில் தண்ணீருக்குப் 'பாணி'. 'மற்றும்' என்பதற்கு 'ஆணி'. மனிதனுக்கு 'மாணூஸ்'. கான்தேசத்திலும் விதர்பத்திலும், புணேயைச் சுற்றியுள்ள பல கிராமங்களிலும், நகரத்துக்குள்ளேயே உழைப்பவர்களின் குடியிருப்புகளிலும் அவை 'பானி', 'ஆனி', 'மானூஸ்' ஆகின்றன. நாக்கின் நுனி மேலண்ணத்தில் சற்றுப் பின்னால் போய்த் தொடுகிறதா, முன்னாலேயே நின்றுவிடுகிறதா என்பதுதான் வேறுபாடு. அந்தச் சிறிய அசைவில் பேசுகிறவரின் ஊரும் பெரும்பாலும் சாதியும் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகின்றன. நேர்முகத் தேர்வில், கல்லூரி நாடக ஒத்திகையில், வாடகைக்கு வீடு கேட்டு நிற்கும் வாசலில் தெரிந்துவிடுகின்றன. சதாசிவ பேட், நாராயண் பேட், சனிவார் பேட் என்று இந்த ஊரின் பழைய பேட்டைகளில், பெரும்பாலும் பிராமண வீடுகளில், பேசப்பட்ட மராத்திதான் பாடநூலுக்கும் வானொலிக்கும் அளவுகோல் ஆனது. அந்தத் தெருக்களின் வாசற்பலகைகள் பெயர்பெற்றவை. மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணியடிக்கக் கூடாது என்பதைக்கூட வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, இகர ஈகாரக் கொக்கியான வேலாண்டி பிசகாமல் எழுதி மாட்டியிருப்பார்கள். ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் பழக்கப்பட்ட தமிழ்க் காதுக்கு இந்த ஊரின் நுணுக்கம் உடனே பிடிபடுகிறது. 'வாளப்பளம்' என்ற தெற்கத்தி உச்சரிப்பையும் 'வாயப்பயம்' என்ற சென்னை உச்சரிப்பையும் சிரிப்புக்கென்றே வைத்த சினிமாக்களைப் பார்த்து வளர்ந்த காது அது. பிற மொழிக்குள் குடியேறியவன் அந்த மொழியின் பாடல்களுக்கு முன்பே அதன் ஏளனங்களைக் கற்றுக்கொண்டுவிடுகிறான் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

உச்சரிப்போடு இது முடிவதில்லை. மராத்தியில் ஆட்களைச் சந்திப்பதற்கு ஒரு வினை, பொருள் கைக்குக் கிடைப்பதற்கு வேறொரு வினை. சம்பளம் 'மிளாலா' என்றால் சரி. 'பேட்லா' என்றால் சம்பளத்தை யாரோ உறவினரைப் போல் சந்தித்ததாக ஆகிவிடும் என்று இங்கே விளக்குவார்கள். 'ம்ஹணாலா' என்று வர வேண்டிய இடத்தில் 'போல்லா' என்பது, 'எனக்கு உதவி செய்' என்பதை ஹிந்தியின் தடத்தில் 'என் உதவி செய்' என்பது, இவையெல்லாம் நல்ல மராத்தி பேசுகிறவர்களின் நெற்றியைச் சுருக்குபவை. ஒருமுறை ஒரு வீட்டில், பாத்திரம் துலக்க வந்த பெண் முந்தைய மாதம் வேறொரு வீட்டில் தனக்குச் சம்பளம் 'பேட்லா நாஹி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'மிளாலா நாஹி' என்று வீட்டுக்காரம்மா திருத்தினார். கோபமில்லை, ஏளனம்கூட இல்லை; பிள்ளைக்குச் சொல்வதுபோல் கனிவாகவே திருத்தினார். அந்தப் பெண்ணும் 'மிளாலா நாஹி' என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். கிடைக்காத சம்பளத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோயிற்று. அவர் சொன்ன 'பேட்லா' அவருடைய ஊரில் பிழையே இல்லை. அங்கே பணமும் பேருந்தும் வேலையும் அந்த வினையைக் கொண்டுதான் கிடைக்கின்றன. தண்ணீரின் ஓசையில் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

சரி என்று நாம் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பழையது என்று பார்க்கப்போனால் காலடி நிலம் நகர்கிறது. பேஷ்வாக்களின் அரசு 1818 வரை இந்த ஊரிலிருந்து நடந்தது. அதன் ஆணைகள், கணக்குகள், கடிதங்கள் எல்லாம் இன்று பேஷ்வா தஃப்தர் என்ற ஆவணக் காப்பகத்தில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மோடி எழுத்தில் உள்ளது. முதலில் தலைக்கோட்டை நீளமாக இழுத்துக்கொண்டு, அதன் கீழே பேனாவை எடுக்காமல் ஓட்டமாக எழுதிப்போகும் எழுத்து. மோடியில் இகரத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு இல்லை; உகரத்துக்கும் இல்லை. இன்று மராத்திப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மை அதிகம் விழுவது அங்கேதான். முதல் வேலாண்டியா, இரண்டாம் வேலாண்டியா என்று திகைக்காத மராத்திப் பிள்ளை இல்லை. ஒரு பேரரசின் வரிவசூலும் போரும் சமாதானமும் எந்த வேறுபாடு இல்லாமல் நடந்தனவோ, அந்த வேறுபாடு இன்று ஒருவர் படித்தவரா இல்லையா என்பதற்கு அடையாளமாக நிற்கிறது. மோல்ஸ்வொர்த்தும் கேண்டியும் பிராமணப் பண்டிதர்களை வைத்துக்கொண்டு தொகுத்த மராத்தி–ஆங்கில அகராதி 1831-இல் வந்தது. தாதோபா பாண்டுரங்கின் இலக்கணம் 1836-இல் வந்தது. அச்சு, பள்ளிக்கூடம், தேர்வு, உத்தியோகம் என்று அடுத்தடுத்து வந்த ஏற்பாடுகளுக்கு ஒரே சீரான எழுத்து தேவைப்பட்டது. தேவையை நான் குறைசொல்லவில்லை. மராத்தி சாகித்ய மகாமண்டலம் வகுத்த எழுத்து விதிகளை மகாராஷ்டிர அரசு 1962-இல் ஏற்றது; 1972-இல் இன்னும் நான்கு சேர்ந்து விதிகள் 18 ஆயின. அதுவரை பல சொற்களின் தலையில், ஒலிக்காவிட்டாலும் இலக்கணக் காரணத்துக்காக வைத்துவந்த அனுஸ்வாரப் புள்ளியை அந்த விதிகள் எடுத்துவிட்டன. அந்தப் புள்ளியை வைக்க மறந்து பிரம்படி வாங்கிய ஒரு தலைமுறை, முதுமையில் அதே புள்ளியை வைத்ததற்காகப் பேரப்பிள்ளைகளிடம் திருத்தம் வாங்கியது. நம் பக்கமும் அப்படித்தான். பனையோலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு; காலும் ரகரமும் ஒரே வடிவம். உ.வே. சாமிநாதையர் கண்ணைச் செலுத்திப் பிரித்துப் பிரித்து வாசித்த ஏடுகளை இன்றைய பிழைதிருத்துநர் ஒருவரிடம் கொடுத்தால், பக்கம் முழுக்கச் சிவப்பாகும். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் எடுத்தாண்ட சீர்திருத்த எழுத்துகள் அன்றைய புலவர்கள் பலருக்குக் கண்ணில் முள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அவற்றில் பலவற்றை ஏற்று ஆணையிட்ட பிறகு, பிள்ளைகளுக்குப் பழைய துதிக்கை லைகாரமும் ணைகாரமும் அந்நியமாகிவிட்டன.

இதையெல்லாம் சொல்வதால் எரிச்சல் தணியும் என்று எதிர்பார்த்தேன். தணியவில்லை. வரலாறு மூளைக்குத் தெரிகிறது. கண் அதை எட்டுவதற்குள் சுளித்துவிடுகிறது. ஆகவே வரலாற்றை விட்டுவிட்டு, இந்தச் சுளிப்பு யார்மேல் பாய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். புணேயில் அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஜோதிராவ் புலேயின் 'குலாம்கிரி' 1873-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் 'நிபந்தமாலா' என்ற மாத இதழைத் தொடங்கினார். மராத்தி உரைநடைக்கு அவர் கொடுத்த முறுக்கும் மிடுக்கும் உண்மையானவை. அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. தம்மை மராத்தி மொழியின் சிவாஜி என்று சொல்லிக்கொண்டவர் அவர். அந்த இதழில் அவர் புலேயின் எழுத்தை எடுத்து, அதிலிருந்த இலக்கணக் குறைகளையும் எழுத்துப் பிழைகளையும் காட்டி எள்ளினார். சாதியின் பெயரால் ஒரு மக்கள் கூட்டமே அடிமையாக வைக்கப்பட்டிருந்தது என்று ஒருவர் நூல் எழுதுகிறார். பதிலில் கணிசமான இடம் அவருடைய மொழி எப்படிப் பிழையுள்ளது என்பதற்குப் போகிறது. வாதத்துக்கு மறுமொழி சொல்வதைவிட வேற்றுமை உருபைத் திருத்துவது எளிது என்பதால் மட்டும் இது நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிப்ளூண்கருக்கு அந்தப் பிழைகள் உண்மையாகவே வலித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் அஞ்சலிச் சுவரொட்டியின் முன் நின்றதுபோலவே அவரும் நின்றிருப்பார். அதுதான் இதில் என்னை அச்சுறுத்துகிறது. பொய்யான வலி என்றால் அம்பலப்படுத்திவிட்டுப் போகலாம். மெய்யான வலியும் எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்ய முடியும். பின்னர் 1885-இல், சீர்திருத்தவாதி ரானடேயின் முயற்சியில் மராத்தி நூலாசிரியர்களின் கூட்டம் கூட்டப்பட்டபோது புலேயையும் அழைத்தார்கள். அவர் போகவில்லை. மனிதருக்கு உரிய உரிமையை எங்களுக்கு மனமாரக் கொடுக்காதவர்களின் கூட்டங்களோடும் நூல்களோடும் எங்களுடையவை பொருந்தா என்ற கருத்தில் கடிதம் எழுதி அனுப்பினார்.

புலே தம்பதியர் தொடங்கிய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங்கு சாதிச் சிறுமி, மாங்குகளும் மகார்களும் படும் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதய' இதழில் வந்தது. அப்போது அவளுக்கு 14 வயது. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளே. நமக்குக் கிடைப்பது அச்சில் வந்த வடிவம். எந்தக் கை அதைத் திருத்தியிருக்கும், எவ்வளவு திருத்தியிருக்கும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். திருத்தாமல் அப்படியே அச்சிட்டிருந்தால் புத்வார் பேட்டில் அதை எப்படிப் படித்திருப்பார்கள்? முதல் வரியிலேயே கண் நின்றிருக்கும். திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் அவளுக்குச் செய்யப்பட்ட உதவி. அவளுடைய சொற்கள் வாசகரின் சுளிப்பைத் தாண்டி உள்ளே போக அது வழிவிட்டிருக்கிறது. இங்கேதான் நான் தடுமாறுகிறேன். எல்லா வழக்கும் சரியே, பிழை என்று ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அநேகமாக ஓர் ஒற்றுகூடப் பிசகாமல் எழுதுகிறவர்களாக இருக்கிறார்கள். தம் பிள்ளைகளுக்கும் அப்படியே கற்றுக்கொடுக்கிறார்கள். சாவித்திரிபாய் புலே சாணியும் சேறும் மேலே வீசப்பட்ட நிலையிலும் பள்ளிக்கு நடந்து போனது, உன் பேச்சே போதும் என்று அங்கே படித்த பெண்களிடம் சொல்லிவிட்டு வருவதற்காக இல்லை. எழுத்தும் கணக்கும் இலக்கணமும் அவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் போனார். அவர்களின் முதல் பெண்கள் பள்ளி 1848-இல் நடந்த பிடே வாடா 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது; நினைவிடம் எழுப்புவதற்காக. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், திருத்தம் என்பது கொடுக்கப்படும் பொருளாக இருந்த ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்கிறேன். அதே சொல்தான், அதே விதிதான். கொடுக்கும்போது ஒன்றாகவும் தடுக்கும்போது வேறொன்றாகவும் இருக்கிறது.

பாடநூல்கள் இதில் ஒரு விநோதமான இடத்தில் நிற்கின்றன. ஜள்காவ் பக்கத்துப் பஹிணாபாயி சௌதரி எழுதப் படிக்கத் தெரியாதவர். வயலில் உழைக்கும்போதும் அரைக்கும்போதும் அவர் வாயில் வந்த ஓவிப் பாடல்களை மகன் எழுதிவைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1952-இல், எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரேயின் முயற்சியில் அவை நூலாயின. அவருடைய தண்ணீர் 'பானி'தான். அவருடைய மனிதன் 'மானூஸ்'தான். மராத்திப் பிள்ளைகள் அந்தப் பாடல்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே வகுப்பில், அதே வட்டாரத்திலிருந்து வந்த பிள்ளை எழுந்து 'பானி' என்று சொன்னால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நம்மிடமும் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சைக் கதையாக்கினார். 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியே தந்தார். அவரைக் கொண்டாடும் வீட்டில், கோவில்பட்டியிலிருந்து வந்த மருமகளின் பேச்சுக்கு மரியாதை கிடைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிழையை வேறு விதமாகப் பார்த்தவர்களும் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள். பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தில் 1919-இல் தொடங்கி 1966 வரை மகாபாரதத்தின் செம்பதிப்புப் பணி நடந்தது. காஷ்மீரத்துச் சாரதா எழுத்திலிருந்து நம் பக்கத்துக் கிரந்தம் வரை, 1,200-க்கும் மேற்பட்ட சுவடிகள் ஒப்பிடப்பட்டன. தஞ்சாவூரிலும் அதற்கென ஆட்கள் உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். 1925-இல் பொறுப்பேற்ற வி.எஸ். சுக்தங்கர் 1943-இல் இறக்கும்வரை அந்தப் பிழைகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தார். சுவடி ஆய்வில் பிழை ஒரு சாட்சி. இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால் அவை ஒரே தாயிலிருந்து வந்தவை என்று கொள்ளலாம். எளிதான பாடமும் கடினமான பாடமும் எதிரெதிரே நின்றால், எழுதியவர் கடினமானதை எளிதாக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லா ஏடுகளும் சேர்ந்து திருத்தமாக இருந்தால் வழியே தெரியாமல் போயிருக்கும். அந்தக் கை ஏன் இங்கே வழுக்கியது, முந்தைய வரியிலும் இதே சொல் இருந்ததால் கண் தாவிவிட்டதா, தன் வட்டாரத்து ஒலி குறுக்கே வந்ததா என்று ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறார்கள். முடிவு செய்ய முடியாத இடங்களில், அச்சிட்ட பாடத்தின் கீழே ஓர் அலைக்கோடு போட்டார்கள். எங்களுக்கு இங்கே உறுதியில்லை என்பது அதன் பொருள். இன்று கணினித் திரையில் நம் சொற்களின் கீழே ஓடும் சிவப்பு அலைக்கோட்டைப் பார்க்கும்போது அந்தக் கோடு ஞாபகம் வருகிறது. இந்தக் கோட்டில் உறுதியின்மை துளியும் இல்லை. அதன் அகராதியில் இல்லாத ஊர்ப் பெயரின் கீழும், பாட்டியின் பெயரின் கீழும் அது கூசாமல் ஓடுகிறது.

பெயர் என்றதும் புணேயின் கட்கியும் தாபோடியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. கண்டோன்மென்ட்டையும் தொழிற்சாலைகளையும் ஒட்டித் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், பலருக்கு எழுத வராது. மஞ்சள் நீராட்டு அழைப்பிதழில் ரகரமும் றகரமும் இடம் மாறி நிற்கும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்று தலைமுறையாகப் பள்ளியில் தமிழே கிடைக்காத குடும்பம், தமிழில்தான் அழைப்பிதழ் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் செலவழித்திருக்கிறது என்பது அந்தப் பிதுக்கலில் படுவதில்லை. ஆனால் அதே வீட்டின் இரும்புப் பெட்டியில் வேறு தாள்கள் இருக்கின்றன. இங்கே படிவங்களில் பெயருக்கு மூன்று இடம்: தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர். தலைப்பெழுத்தோடு வந்தவர்களிடம் மூன்றாவது இல்லை. எழுத்தர் கேட்டார், இவர்கள் என்னவோ சொன்னார்கள், அவர் காதில் விழுந்ததை எழுதினார். எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் பெயரில் இருந்த இரட்டை ளகரம் ஒற்றை லகரமாகி, கடைசி மெய் உதிர்ந்து, கணவரின் சொந்த ஊர் குடும்பப் பெயராகிவிட்டது. மராத்தியில் ளகரம் உண்டு. நம் மொழியின் பெயரையே மராத்தியர் 'தமிள்' என்று ளகரம் போட்டுத்தான் எழுதுகிறார்கள். எழுதத் தெரியாததால் வந்த பிழை இல்லை அது. கேட்க நேரமில்லாததால் வந்தது. ரேஷன் அட்டையில் ஒரு வடிவம், ஆதாரில் ஒரு வடிவம், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது வடிவம். கணவரின் ஓய்வூதியத்துக்காக அலைந்த நாள்களில், இந்த மூவரும் நீங்கள்தானா என்று ஒவ்வொரு மேசையிலும் அவரைத்தான் கேட்டார்கள். யார் எழுதிய பிழை என்று அந்த மேசைகளில் ஒருவருக்கும் எரிச்சல் வரவில்லை. எரிச்சல் எல்லாம் பொருந்தாத தாள்களோடு வந்து நிற்கும் கிழவியின்மேல். பெற்றோர் வைத்த பெயரை அரசிதழ் வழியாகத் திரும்பப் பெறலாம் என்று யாரோ சொல்ல, அவருடைய பேத்தி படிவம் வாங்கி வந்தாள். பழைய பெயர் என்ற கட்டத்தில் எழுத்தர் கொடுத்த பெயரை எழுத வேண்டும். புதிய பெயர் என்ற கட்டத்தில் பெற்றோர் கொடுத்த பெயரை எழுத வேண்டும். அதன் கீழே, பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவதற்கான காரணத்தை அவரே சொல்ல வேண்டும்.